அரைவாசி வாசிப்பு: கொஸ்லந்தையை முன்வைத்து ஒரு வினைமுற்று ஆய்வு

வாசகர் வட்டம் என்று நாலு பேர் கூடிவிட்டால் ஒரு கேள்வி வந்தே தீரும்: “இப்ப என்ன படிச்சிக்கிட்டிருக்கீங்க?” தேநீர் வருவதற்கு முன்பா, வந்த பின்பா என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. கேட்கப்பட்டவர் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு நூலின் பெயரைச் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்தவர் முறை வரும். சங்கப் பாடல்களில் யானை எங்கெங்கே வருகிறது என்று எண்ணிக் கணக்கெழுதிய தமிழ் ஆய்வுலகம், மாதந்தோறும் நடக்கும் இந்தச் சடங்கின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. சொன்ன நூலைச் சொன்னவர் உண்மையிலேயே வாசிக்கிறாரா என்ற சில்லறைக் கேள்வி நமக்கு வேண்டாம்; அது மனச்சாட்சிக்காரர்கள் பாடு. “படித்துக்கொண்டிருக்கிறேன்” என்ற வினைமுற்று எந்தச் செய்தியைச் சுமந்து வருகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். அதில் வாசிப்பைப் பற்றிய செய்தி மிகக் குறைவு என்பதும், அது ஏறத்தாழ ஒரு காணி உறுதி என்பதும் இங்கே நிறுவப்படும்.

ஆய்வுக்களமாகக் கொஸ்லந்தையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பெரகலைச் சந்தியைத் தாண்டி வெல்லவாயாவுக்கு இறங்கும் ஏ4 பாதையில், 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி விழும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்த ஊர். பாதை வளைந்து வளைந்து இறங்குவதால், பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தவருக்கு இரண்டாவது பக்கத்திலேயே எலுமிச்சம்பழம் தேவைப்படும். ஆகவே ‘பயணத்தில் வாசித்தேன்’ என்று நகரத்து வாசகர் தரும் சாட்சியம் இங்கே செல்லாது. நல்ல தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்க நினைத்தால் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். காய்ச்சலை ஆராய்பவன் காய்ச்சல்காரர் நிறைந்த இடத்துக்குப் போவான். புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை ஆராய்பவனோ புத்தகம் அருகிய இடத்துக்குத்தான் போக வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நூல் கையை விட்டுப் போனால் நடக்கும் தூரத்தில் இன்னொரு பிரதி இருக்கும். அங்கே இந்த வினைமுற்று வேறு பல பொருள்களோடு கலந்து கலங்கலாகக் கிடக்கும். கொஸ்லந்தையில் அது தெளிந்து, அடி தெரியும்படி இருக்கிறது.

காலத்தைச் சொல்வதானால் அக்டோபர். இலங்கையில் அக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளிலும் பிரதேச சபை நூலகங்களிலும் பதாகை கட்டுவார்கள், பேச்சுப் போட்டி வைப்பார்கள், வாசித்தால் மனிதன் பூரணமாவான் என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைப்பார்கள். கொஸ்லந்தை கிடக்கும் ஊவாவில் மழை பிடிக்கிற மாதமும் அதுதான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணம் ஏறும். காற்று அடங்கியதும் வானம் திறந்துகொள்ளும். மழையில் வாசிப்பது சுகம் என்று எழுதியவர்கள் எல்லாரும் நல்ல கூரைக்குக் கீழே இருந்து எழுதியவர்கள். தகரக் கூரையில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலே கேட்காது, கரண்டும் போய்விடும். இன்னொன்றும் உண்டு. கொஸ்லந்தையில் அக்டோபர் என்றால் 2014 அக்டோபர் 29தான் முதலில் நினைவுக்கு வரும். மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள், தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்சரிவில் மண்ணுக்குள் போன காலை. அதைப் பற்றிப் போலி ஆய்வு எழுத முடியாது. அந்த மாதத்தில் வட்டத்துக்கு ஆள் குறைந்தால் ‘ஆர்வக்குறைவு’ என்று யாரும் அறிக்கை எழுதிவிடக் கூடாது என்பதற்காக மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே போகிறேன்.

இனி இலக்கணம். தமிழில் ஒரு புத்தகத்தை முடித்தவர் ‘முடித்துவிட்டேன்’ என்கிறார். முடிக்காதவர் ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்கிறார். இவ்விரண்டிலும் துணைவினைகளைத் தனியே பிரித்து வெயிலில் காயப்போட்டுப் பாருங்கள். முதலாவதில் இருப்பது ‘விடு’. கையிலிருப்பதை விடுதல். இரண்டாவதில் இருப்பவை ‘கொள்’, ‘இரு’ என்ற இரண்டும். கொள்ளுதல், கொண்டபடியே இருத்தல். முடித்தவன் விட்டான், முடிக்காதவன் கொண்டிருக்கிறான். இதைவிட வெளிப்படையாக ஒரு மொழி எப்படிச் சொல்லும்? மலையகப் பேச்சில் ‘கொண்டு’ என்பது ‘கிட்டு’ ஆகிறது: படிச்சிக்கிட்டிருக்கேன். இது வெறும் ஒலித்திரிபு என்பார் மொழிநூலார். நாமோ அதில் ‘கிட்ட’ என்ற சொல்லின் நிழலைக் காண்கிறோம். புத்தகம் கிட்ட இருக்கிறது. தலைமாட்டில், தகரப் பெட்டிக்கு மேல், சாமிப் படத்துக்குப் பக்கத்தில். படிப்பு நடக்கிறதோ இல்லையோ, கிட்ட இருப்பது நடந்துகொண்டே இருக்கிறது. மொழிநூலார் இந்த விளக்கத்தை ஏற்கமாட்டார் என்பது தெரியும். போலி ஆய்வுக்கு அவருடைய கையெழுத்து தேவையில்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். இதெல்லாம் சொல்விளையாட்டு, வாசிக்காததை வாசிப்பதாகச் சொன்னால் அதற்குப் பெயர் பொய், அவ்வளவுதான் என்பார் ஒழுக்கவாதி. அற்றன்று. பொய் என்று தீர்ப்புச் சொல்ல முதலில் நிகழ்காலம் என்பது என்ன என்று முடிவாக வேண்டும், அது இன்றுவரை முடியாத வழக்கு. பவணந்தியார் நன்னூலில் நிகழ்காலத்துக்கு மூன்று இடைநிலைகளைத் தருகிறார்: ஆநின்று, கின்று, கிறு. முதலாவதைக் கவனியுங்கள். ஒருவன் வாசிக்கிறான் என்பதைப் பழைய உரைநடையில் ‘வாசியாநின்றான்’ என்று எழுதலாம். அதற்குள்ளேயே ஒருவன் நின்றுவிட்டான். ஓடிக்கொண்டிருக்கும் வினையைச் சொல்லத் தமிழ் தேர்ந்தெடுத்த உறுப்பு ‘நில்’ என்பதன் பிள்ளை! எங்கே நின்றான், எத்தனையாம் பக்கத்தில் நின்றான், எந்த ஆண்டில் நின்றான் என்பதை இலக்கணம் கேட்பதில்லை. 38ஆம் பக்கத்தில் மூன்று வருடமாக நிற்பவரும் இலக்கணப்படி நிகழ்காலத்தில்தான் நிற்கிறார். அவரைப் பொய்யர் என்பவர் பவணந்தியாரோடு வழக்காட வேண்டியிருக்கும்.

இதைவிட வலுவான சான்று அளவைச் சொற்களில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் பாதி என்பதை ‘அரைவாசி’ என்பார்கள். கால்வாசி உண்டு, அரைவாசி உண்டு, முக்கால்வாசி உண்டு. அகராதிகளைப் புரட்டிப் பாருங்கள், சந்தையில் கேட்டுப் பாருங்கள்: ‘முழுவாசி’ என்ற சொல் கிடையாது. முழுமைக்கு வந்ததும் மொழி ‘வாசி’யைக் கழற்றி வைத்துவிடுகிறது. இந்த வாசி வேறு, அந்த வாசி வேறு என்று ஒரு தமிழாசிரியர் இப்போது சாக்குக்கட்டியை எடுப்பார்; அளவைக் குறிக்கும் பின்னொட்டையும் படித்தலைக் குறிக்கும் வினையையும் ஒன்றாக்குவது தவறு என்பார். ஒத்த ஓசை கொண்ட இரண்டு சொற்கள் பல நூறு ஆண்டு ஒரே வீட்டில் குடியிருந்தால் ஒன்றின் குணம் மற்றதற்கு ஒட்டாமலா போகும்? மூன்றாவதாக ஒரு வாசியும் இருக்கிறது: மலைவாசி, நகரவாசி என்பதில் வரும், குடியிருப்பவர் என்று பொருள்படும் வாசி. மூன்றையும் சேர்த்தால் நம் முடிபு தானாகவே விளைகிறது: வாசிப்பவர் என்பவர் ஒரு நூலின் ஏதோ ஒரு பங்கில் குடியிருப்பவர். முழுவதிலும் யாரும் குடியிருப்பதில்லை. லயத்தில் ஒரு காம்பராவும் வாசல் திண்ணையான ஓர் இஸ்தோப்பும் போல.

இலக்கணச் சான்று போதாதென்பவருக்குத் தொல்பொருட் சான்று இருக்கிறது. 2014இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜோர்டன் எல்லன்பெர்க் ஒரு வேடிக்கைக் கணக்குப் போட்டார். கிண்டில் கருவியில் ஒரு நூலில் வாசகர்கள் அதிகம் கோடிட்ட வரிகள் எந்தப் பக்கங்களில் வருகின்றன என்று பார்ப்பது. எல்லாம் தொடக்கத்திலேயே குவிந்திருந்தால் பின்பக்கங்களுக்கு ஆள் போகவில்லை என்று கொள்வது. அந்தக் கணக்கில் ஸ்டீவன் ஹோக்கிங்கின் காலவரலாற்று நூலுக்கு 6.6 சதவீதமும், தோமா பிக்கெட்டியின் மூலதனம் பற்றிய தடித்த நூலுக்கு 2.4 சதவீதமும் விழுந்தன. நல்ல முறைதான், ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், காசும் வேண்டும். ஊவாவில் அதைவிடத் துல்லியமான கருவி ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் இருக்கிறது: அடையாளத்துக்கு வைத்த துண்டு. இ.போ.ச. பஸ் டிக்கட்டில் திகதி இருக்கும். அது கிடக்கும் பக்க எண்ணையும் டிக்கட்டின் திகதியையும் வைத்து ஒருவரின் வாசிப்பு வேகத்தை நாள் பிசகாமல் கணக்கிடலாம். 52ஆம் பக்கத்தில் போன தீபாவளி டிக்கட் கிடந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. சம்பளத் துண்டு கிடந்தால் மாதத்தை மட்டும் அறியலாம். கல்யாணப் பத்திரிகை கிடந்தால், அந்த மணமக்களின் பிள்ளை இப்போது எத்தனையாம் வகுப்பு என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பனடோல் உறையும் திருநீற்றுப் பொட்டலமும் காலம் காட்டா. வாசகரின் அன்றைய நிலையை மட்டும் காட்டும். எல்லாவற்றிலும் அரியது, தாளுக்கு நடுவில் தட்டையாகக் காய்ந்து, தொட்டால் பொடியும் இரண்டு இலை ஒரு மொட்டு. மலையிலிருந்து இறங்கி வந்து தலைத்துண்டை உதறாமல் யாரோ புத்தகத்தைத் திறந்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. அந்தப் பக்கத்துக்கு முன்னாலுள்ள பக்கங்கள் அத்தனையும் வாசிக்கப்பட்டவை என்று ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம்.

இனி உடைமை என்ற நம் மையக் கருத்துக்கு வருவோம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,350 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 400 ரூபாய் விலை போட்ட ஒரு நாவல், அன்றைய நாணய மாற்றில் மட்டுமே ஏறத்தாழ அதே தொகையைத் தொட்டது. கப்பல் கூலி, கடைக்காரர் பங்கு எல்லாம் அதற்கு மேல். தோட்டத்து மொழியில் சொன்னால் ஒரு நாவல் ஒரு பேர். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கு வருகைப் பதிவேடான செக்ரோலில் விழும் பதிவு. ஒரு நாள் முழுக்க மலையேறி இறங்கினால் கிடைக்கும் பேரைக் கொடுத்து வாங்கிய நூல், ஒரு வட்டத்துக்கு ஒரு பிரதிதான் இருக்கும். அதற்கு ஆறு பேர் காத்திருப்பார்கள். இந்த நிலையில் “படிச்சிக்கிட்டிருக்கேன்” என்று அவர்களில் ஒருவர் சொன்னால் மற்ற ஐவர் காதிலும் அது எப்படி விழும்? ‘புத்தகம் என்னிடம் இருக்கிறது, கேட்காதீர்கள்’ என்று விழும். அப்படித்தான் விழ வேண்டும் என்று சொல்லவும் படுகிறது. சட்டமும் இதற்குத் துணை வரும்: இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அடுத்தவர் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமைக்காரருக்கு எதிராக ஆண்டு வந்தவருக்கு ஆட்சியுரிமை பிறக்கும். அசையாச் சொத்துக்கு மட்டுமே இது பொருந்தும் என்று வக்கீல் குறுக்கிடுவார். சில வீடுகளில் சில புத்தகங்கள் அசைந்து யாரும் பார்த்ததில்லை. இன்னொரு நுட்பம்: உரிமைக்காரரின் அனுமதியோடு இருப்பவருக்கு எத்தனை ஆண்டானாலும் ஆட்சியுரிமை வராது. நாலைந்து தலைமுறையாக லயத்துக் காம்பராவில் இருந்தவர்களுக்கு அந்தக் காம்பரா சொந்தமாகாததன் சட்டச் சூட்சுமம் அது. ஏழு பேர்ச் காணிக்கு ஓர் உறுதிப் பத்திரம் கேட்டு இத்தனை காலம் காத்திருக்கும் சமூகத்தில், 38ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கட்டைச் சொருகி ஒருவர் தமக்கென்று ஓர் எல்லைக்கல் நட்டுக்கொண்டால் அதை நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

ஒரு பிரதி நூலுக்கே இப்படியென்றால் ஐந்து பாக நூலின் நிலை என்ன? பொன்னியின் செல்வன் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுகள் தொடராக வந்தது. அந்தக் காலத்தில் ‘பொன்னியின் செல்வன் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொன்ன எவரையும் சந்தேகிக்க முடியாது. எழுதுகிறவரே எழுதிக்கொண்டுதான் இருந்தார். நூலாகி ஐந்து பாகமாகப் பிரிந்த பின்தான் சிக்கல். ஒரு வட்டத்தில் ஐந்து பாகமும் ஐந்து பேரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பாகக்காரர் இரண்டாம் பாகம் வராமல் முதலாவதைத் திருப்பித் தரமாட்டார்; விட்ட இடம் மறந்துவிடும், திரும்பப் பார்க்க வேண்டிவரும் என்பார். இரண்டாம் பாகக்காரர் மூன்றாவதுக்குக் காத்திருக்கிறார். மூன்றாம் பாகக்காரர் நாலாவதுக்கு. நாலாம் பாகக்காரர் ஐந்தாவதுக்கு. ஐந்தாம் பாகத்தை வைத்திருப்பவரோ, அலுமாரியில் அது ஒன்றுதான் எஞ்சியிருந்தது என்பதற்காக எடுத்துப் போனவர். அவர் முதல் பாகத்துக்குக் காத்திருக்கிறார். ஐவரும் உண்மையே பேசுகிறார்கள். ஐவரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. வாசகர் ‘வட்டம்’ என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. 2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்ததும் இந்தக் கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணுவோம். நடந்தது வேறு: படம் பார்த்தவர்களும் காத்திருப்போர் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டாவது மறுப்பு வரலாற்றுக்காரருடையது, அதை இலேசில் தள்ள முடியாது. தோட்டத்தில் புத்தகம் எப்போதும் அரிதாகத்தான் இருந்தது. அப்போதெல்லாம் இந்த உடைமைப் பேச்சு இல்லையே, இது படித்தவர் கூட்டம் பெருகியபின் வந்த சீக்கு அல்லவா என்பார் அவர். சான்றுகள் அவர் பக்கம் ஓரளவு நிற்கின்றன. அன்று ஒரு லயத்தில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பெரிது. பெரிய எழுத்து நல்லதங்காள் கதையையோ அல்லி அரசாணி மாலையையோ அவர் இஸ்தோப்பில் லாம்பு வைத்து இராகம் போட்டு வாசிக்க, லயமே கேட்டது. 1930இல் வீரகேசரி தொடங்கியபின் பத்திரிகையும் அப்படியே சத்தமாகத்தான் வாசிக்கப்பட்டது. புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்த தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும், அவர் துணைவியார் மீனாட்சி அம்மாளும் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக்கிச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டதன் கணக்கு இதுதான்: ஒரு பிரசுரம், ஒரு வாய், நூறு காது. அந்தச் சபையில் ‘நீங்கள் என்ன படிக்கிறீர்கள்’ என்ற கேள்விக்கே இடமில்லை, எல்லாரும் ஒரே கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடத்தில் ஒரு லயமே மூக்கைச் சிந்தும். வாசிப்பவர் அலுத்து ஒரு பக்கத்தைத் தாண்டினால் எழுத்தறியாத கிழவி ஒருத்தி, ‘தம்பி, நடுவுல ஒண்ணு விட்டுட்டே’ என்று பிடித்துவிடுவாள். முழுவாசி என்ற சொல் தமிழில் இல்லை என்றோமே; அந்தப் பொருள் அங்கே இருந்தது, கேட்டவர்களிடம். இதை ஒப்புக்கொள்வதால் நம் கொள்கைக்குக் குறைவில்லை. கையில் நூலில்லாதவர் முழுவதையும் அறிந்திருந்தார், கையில் நூலுள்ளவர் அரைவாசியில் நிற்கிறார் என்றால், நூலைக் கொண்டிருப்பதும் வாசிப்பதும் வேறுவேறு தொழில் என்ற நம் வாதத்துக்கு எதிராளியே தூண் நட்டுத் தந்திருக்கிறார்.

பவணந்தியாரை மறுபடியும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கலாம். கற்பவன் அறிவு எப்படி நிறைகிறது என்று நன்னூற் பாயிரத்தில் அவர் பங்கு பிரித்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதைப் பிழையில்லாமல் வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் சேரும். உடன்கற்பவரோடு பழகுவதால் இன்னொரு கால். மிச்சம் இரண்டு காலும் பிறருக்கு எடுத்து விரித்துச் சொல்வதால். கூட்டிப் பாருங்கள், கணக்கு முடிந்துவிட்டது. தனியே மூலையில் உட்கார்ந்து பக்கம் புரட்டுவதற்கு அவர் ஒரு வீசம்கூட ஒதுக்கவில்லை. வாசகர் வட்டத்துக்கு வந்து மற்றவரோடு பேசி, தாம் திறவாத நூலைப் பற்றிப் பத்து நிமிடம் விரித்துரைப்பவர் முக்கால் பங்கை நேர்வழியிலேயே ஈட்டிவிடுகிறார். மீதிக் காலுக்கு ஆசிரியர் வேண்டும். அதற்குத்தான் நம் நூல்களில் அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை, மதிப்புரை என்று நாலு பெரியவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். 2007இல் பிரெஞ்சுப் பேராசிரியர் பியர் பயார், வாசிக்காத நூல்களைப் பற்றிப் பேசுவது எப்படி என்று ஒரு நூலே எழுதி உலகப்புகழ் பெற்றார். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு பிந்தி வந்தவர்.

மூன்றாவது மறுப்பு கைபேசிக்காரருடையது. நூலகம் என்ற இணைய எண்ணிமத் திட்டம் 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக வருடி இலவசமாகத் தருகிறது. ஒரு பிரதிக்கு ஆறு பேர் காத்திருக்கும் காலம் போய்விட்டது, எனவே உங்கள் காணி உறுதிக் கொள்கையும் செத்தது என்பார். அவர் சொல்லை அவரே கவனிக்கவில்லை. கைபேசியில் நூல் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். “பீ.டி.எப். இறக்கி வச்சிருக்கேன்” என்பார். ‘படி’ என்ற வினை முற்றாகவே கழன்றுவிட்டது. எஞ்சியிருப்பது ‘வை’யும் ‘இரு’வும். பிரதி ஒன்றாக இருந்தபோது படிப்பதாகச் சொல்லியாவது ஆண்டார்கள். கோடிப் பிரதி வந்தபின் அந்தச் சாக்கும் வேண்டாமென்று நேரடியாகவே ஆள்கிறார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் மேதை எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த ஒரு விதியையேனும் கைபேசி வாசகர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்.

கொள்கை நிலைபெற்றுவிட்டதால் ஒரு நடைமுறை யோசனையைச் சொல்லலாம். வாசிப்பை அளக்கும் முறை தோட்டத்திலேயே இருக்கிறது. கொழுந்து மடுவத்தில் தராசு தொங்கும். நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டுதான் எடை எழுதுவார்கள். குறித்த கிலோ வந்தால் ஒரு பேர், வராவிட்டால் அரைப்பேர். அந்தக் கழிவு நியாயமா என்பது பெரிய வழக்கு, ஆனால் புத்தகத்துக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். முன்னட்டை பின்னட்டை சாக்கில் போகும். வாழ்த்துரைகளும் அணிந்துரைகளும் தண்ணி. கழித்தபின் நிற்பது கொழுந்து. தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ 1979இல் வந்த சிறுகதைத் தொகுதி. ஜோசப், பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தாம் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே பெயரோடு சேர்த்துக்கொண்டவர். மலையகத்தில் எந்த வட்டத்திலும் இந்த நூலை யாரோ ஒருவர் கட்டாயம் படித்துக்கொண்டிருப்பார். அவரைத் தராசில் ஏற்றி, எத்தனை கதை என்று கேட்டு, முதல் கதையோடு நின்றிருந்தால் மனம் நோகாமல் அரைப்பேர் எழுதிவிடலாம். அரைவாசிக்கு அரைப்பேர். இதில் யாருக்கும் அவமானமில்லை.

இந்த முறையில் ஒரே ஓர் ஓட்டை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தராசு கையிலிருப்பதைத்தான் நிறுக்கும். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி வட்டத்துக்கு வருகிறாள் என்று கொள்வோம். போன கூட்டத்தில் வாங்கிப்போன அதே தொகுதியை, கரண்ட் இல்லாத இரவுகளில் மெழுகுவர்த்தி வைத்து, கடைசிக் கதையின் கடைசி வரிவரை வாசித்து முடித்தாள். முடித்தாள், ஆகவே விட்டாள். அடுத்துக் கேட்டிருந்த மாமாவிடம் மறுநாளே கொடுத்தும்விட்டாள். அவர் அதற்கு வீரகேசரித் தாளில் புதிதாக உறை போட்டு, மூன்றாம் பக்கத்தில் டிக்கட் சொருகி மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். வட்டம் கூடுகிறது, தேநீர் வருகிறது, கேள்வி வரிசையாகச் சுற்றி வருகிறது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்து தெளிவத்தை ஜோசப்பின் பெயரைச் சொல்கிறார், எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அவள் முறை வருகிறது. வெறுங்கையை மடியில் கோத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்ல சேர்” என்கிறாள்.